ஷீணம் என்று நீ சொன்னது

என் செல்லம்மாவுக்கு,

இது என் கையெழுத்து. எழுபது வயதில் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிவதற்குள் சாயா ஆறிவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் விழும்போது சந்தோஷமாக இருக்கிறது. நீ போனபிறகு மரத்துக் கிடக்கிற மனசில் அது ஒன்றுதான் அசைகிறது.

உன் தங்கை ருக்குவுக்கும் உன்னைப்போலவே கிட்னி கெட்டிருக்கிறது. போன வாரம் படகேறி எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் குறைவு என்றார்கள்.

"கிட்னி கெட்டா ரத்தம் ஏன் டாக்டரே குறையணும்?" என்றேன். உனக்காக அன்று நான் கேட்காத கேள்வி.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு செல்லிலும் ஆக்சிஜன் போதுமா என்று பார்க்க நொதி என்று ஒன்று இருக்கிறதாம். நம் சுக்குக் கிடங்கில் மேஸ்திரி, கழிக்க வேண்டிய சாக்கில் சுண்ணாம்புக் கோடு போடுவாரே, அதுபோல. ஆக்சிஜன் இருந்தால் நொதி ஒரு புரதத்தின்மேல் கோடு போடும். செல் அதை அழித்துவிடும். குறைந்தால் கோடு விழாது. தப்பிய புரதம், ரத்தம் ஊறச் செய்யச் சொல்லிக் கிட்னியை ஏவும். கெட்ட கிட்னிக்கு அது சரியாகக் காதில் விழாது. ருக்குவுக்கு எழுதித் தந்த புது மாத்திரை நொதியின் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுமாம். காற்று குறைந்துவிட்டது என்று நம்பி உடம்பு பலமாகக் குரல் கொடுக்கும்.

"உடம்புகிட்டயே பொய்யா? அத்தானுக்குப் பழக்கமான வேலையாச்சே!" என்றாள் ருக்கு, என்னைக் காட்டி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எல்லாருக்கும் சேராது சேச்சி. ரத்தம் உறையுதான்னு நோக்கிட்டே இருக்கணும்."

உன் காலத்தில் இது இருந்ததா? நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய?

அன்று கப்பைக் கிழங்கைப் பாதி நறுக்கி வைத்துவிட்டு, "ஷீணமா இருக்கு" என்று உட்கார்ந்தாய். இந்த ஊரில் வெயிலடித்தாலும் ஷீணம், பஸ் வராவிட்டாலும் ஷீணம். நானும் அந்தக் களைப்பு என்றே நினைத்தேன். "யாருக்கில்ல ஷீணம்? தெம்புக்குன்னு ஈத்தப்பழம் வாங்கி வெச்சா தின்னாத்தானே!" என்று கத்தினேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் நர்சிடம், "நான்தான் சரியா தின்னல" என்றாய். பக்கத்தில் நின்றும் நான் மறுக்கவில்லை.

நீ தின்னாததால் இல்லை, செல்லம்மா. உன்மேல் தப்பே இல்லை.

படகில் திரும்பும்போது ருக்குவிடம் கேட்டேன். "எத்தனை நாளா இப்படி?"

"ஓணத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"அக்கா சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டதப் பாத்தவதானே நான், அத்தான்."

எனக்கு அழுகை வரவில்லை. அவள் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

நாளை மாத்திரை தொடங்குகிறது. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் நானே கூட்டிப்போவேன். அவள் சொல்வதைப் பாதியில் வெட்டமாட்டேன். உன்னிடம் கேட்காமல் விட்டதை எல்லாம் அவளிடம் கேட்பேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
மாடசாமி
மட்டாஞ்சேரி