குளியலறையின் பச்சை ஒயர்

மார்ச் 4
இன்று நாலு வீடு சோதித்தேன். ஒன்றிலும் குளியலறைக் குழாயையும் ஹீட்டரையும் சேர்த்துக் கட்டும் எர்த் ஒயர் இல்லை. நாலுக்கும் ‘தேறவில்லை’ எழுதினேன். புது டைல்ஸை உடைக்கணும் என்றதும் ஒரு வீட்டு அம்மா அழுதேவிட்டார். அழுதால் சட்டம் வளையுமா?

மார்ச் 9
வீட்டில் அதே பாட்டு. வாஷ்பேசினுக்குக் கீழே தொங்கும் பச்சை எர்த் ஒயர் மனைவியின் கண்ணை உறுத்துகிறதாம். “யாராவது வந்தா மானம் போகுது. கழட்டித் தொலைங்க.” மின் ஆய்வாளர் வீட்டிலேயே கழற்றினால் ஊர் சிரிக்காதா என்றேன். “ஊரு வந்து நம்ம பாத்ரூமையா எட்டிப் பாக்குது?”

மார்ச் 17
சுற்றறிக்கை வந்தது. மின்கசிவு வந்தால் தானே விழுந்து கரன்ட்டை நிறுத்தும் டிரிப் சுவிட்ச் இருந்தால், இனி அந்த ஒயர் தேவையில்லையாம். பதினோரு வருஷமாக எத்தனை சுவரை உடைக்க வைத்தேன்! மேலதிகாரி அலட்டிக்கொள்ளவே இல்லை: “நேத்து வரைக்கும் ஆபத்து. இன்னைலேர்ந்து இல்ல. அவ்வளவுதான்யா.”

மார்ச் 18
அழுத அம்மா போன் செய்தார். “டைல்ஸ் உடைச்சாச்சு சார், எப்ப வர்றீங்க?” லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 21, ஞாயிறு
நம் வீட்டில்தான் டிரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று ஒயரைக் கழற்றினேன். கல்யாணத்தன்றுகூட இவள் முகத்தில் இவ்வளவு சந்தோஷம் பார்த்ததில்லை. சுற்றறிக்கைக்கு ரெண்டாம் பக்கமும் இருக்கிறது. நாளைக்குப் படிக்கலாம்.

மார்ச் 22
ஆஸ்பத்திரில உக்காந்து எழுதறேன். காலைல குழாயைத் தொட்டவ அலறி விழுந்துட்டா. உயிருக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டார். வலது கை மட்டும் மரத்துக் கிடக்கு.

சுவிட்ச் ஏன் விழல? — நான்தான். போன வருஷம் அது அடிக்கடி விழுந்து தொல்லை பண்ணுதுன்னு, ரெண்டே நாளைக்குன்னு, அதைத் தாண்டி நேரா லைன் குடுத்தேன். மறந்தே போச்சு. ஹீட்டர்ல கரன்ட் கசிஞ்சுதான் அப்ப சுவிட்ச் விழுந்திருக்கு. இத்தனை நாளா இவளைக் காப்பாத்தினது அந்த ஒயர். அதையும் பாவி நானே கழட்டினேன்.

ரெண்டாம் பக்கம், முதல் வரி: ‘கழற்றும் முன் டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா எனச் சோதிக்கவும்.’

மார்ச் 23
எல்லாவற்றையும் இவளிடம் சொல்லிவிட்டேன்.  “ஊரார் வீட்டுக்கெல்லாம் மார்க் போட்டீங்களே” என்றாள். குளிக்கத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 29
புது ஹீட்டர், புது சுவிட்ச். என் கையெழுத்து இவளிடம் இனி செல்லாதாம். ஆபீஸில் எனக்கு ஜூனியரான பெண் ஆய்வாளரை இவளே வரவழைத்தாள். நான் டார்ச் பிடித்தேன். ஒவ்வொன்றாகச் சோதித்து, “எல்லாம் சரியா இருக்குக்கா. சட்டப்படி இனிமே அந்த ஒயர் வேணாம்” என்றது அந்தப் பெண்.

இவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“சட்டம் இருக்கட்டும்மா. இந்த மனுஷனும் இதே வீட்லதான இருக்கார்? ஒயரைப் போட்டுட்டுப் போ.”