எல்லம்மா வீட்டு வாசலில் வயலின்

கார்க், அயர்லாந்து
12 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மதிவதனி எழுதுறேன். நீயும் அண்ணியும் சௌக்கியமா? போன்ல பேசினா மூணாவது நிமிஷம் நமக்குள்ள சண்டை வந்துடுது. அப்பா செத்தப்ப நான் வரலைன்னு நீ ஆரம்பிப்ப, நான் கட் பண்ணிடுவேன். ஒன்பது வருஷமா இதே கதைதான். கடிதத்துல நீ குறுக்கப் பேச முடியாது, அதனால எழுதுறேன்.

என் பொண்ணு நிஷா ஜூன் ஆறாம் தேதி அங்க வர்றா. ஒரு மாசம் மாமா வீட்லதான் தங்குவேன்னு பிடிவாதம். அவளைப் பத்தி உனக்கு முழுசாத் தெரியாது. ஆறு வயசுல வயலினைத் தொட்டா. இங்க வயலின்னா தாளைப் பார்த்து ஒரு புள்ளி பிசகாம வாசிக்கணும். நான் ஆஸ்பத்திரியில டபுள் டூட்டி பார்த்த நாளெல்லாம் உன் மச்சான் பிரெண்டன் பஸ் ஓட்டி முடிச்சிட்டு, யூனிஃபார்மோடயே அவளை க்ளாசுக்குக் கூட்டிட்டுப் போவார். டப்ளின்ல படிச்சா, மெடல் வாங்கினா, இருபத்திரண்டு வயசுல பெரிய ஆர்கெஸ்ட்ராவுல நிரந்தர இடம் கிடைச்சுது. நீ நினைக்கிற கல்யாண மண்டபத்து ஆர்கெஸ்ட்ரா இல்லை அண்ணா. எண்பது பேர் கறுப்பு உடுப்புல உக்காந்து வாசிக்கிறது. அவளோட நாற்காலிக்கு நூத்துக்கு மேல போட்டி.

அதை விட்டுட்டு போன செப்டம்பர்ல ஒரு வருஷம் லீவு வாங்கிட்டா. எழுதி வச்சதையே வாசிச்சு மூச்சு முட்டுதாம். முதல்ல இங்க பப்ல நாட்டுப்பாட்டு வாசிக்கிற கிழவங்களோட சேர்ந்தா. அப்புறம் ஒரு ஜாஸ் கோஷ்டி. அப்புறம் ரெண்டு மாசம் துருக்கிக்காரங்களோட ஊர் ஊரா. இப்ப அம்மா ஊர்ப் பாட்டு கேக்கணுமாம். ஆகஸ்ட் 31க்குள்ள திரும்ப வர்றேன்னு எழுதிக் கொடுக்கலைன்னா அந்த நாற்காலி போச்சு.

நீ மாமன். நீ சொன்னா கேப்பா. நாற்காலியை விடாதன்னு சொல்லு.

இன்னொண்ணு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில ஃபோர்மேன்னுதான் நான் இங்க சொல்லி வச்சிருக்கேன். அவர் சாவு வீட்ல கானா பாடினவர்ங்கிறதோ, நீயும் லேத் வேலை போக மீதி நேரம் அதையே பாடுறதோ அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அவளை எந்தச் சாவு வீட்டுக்கும் கூட்டிட்டுப் போகாத. இந்த ஒண்ணைத்தான் கேக்கறேன். கோவிச்சுக்காத.

உன் தங்கை,
மதி

*

மண்ணூர்பேட்டை, அம்பத்தூர்
17 ஜூன் 2025

அருமத் தங்கச்சி மதிக்கு,

அண்ணன் வெற்றிச்செல்வன். நாங்க நல்லாகீறோம். உங்கண்ணி பேபி உன்ன கேட்டுகினே கீறா. நிஷா சோக்காகீறா, காலைல வடகறி இல்லாம நாஸ்தா துண்ண மாட்றா.

நீ சொன்னாப்லயே எல்லாம் பண்ணேன். நைனா மைக்கப் புடிச்சிகினு கீற போட்டோவ செவுத்துலருந்து எறக்கி பீரோ பின்னால வெச்சேன். செத்த மனுசன ஒளிச்சி வெக்கிறியான்னு பேபி மூணு நாள் என்னாண்ட பேசல. பாடப் போம்போதெல்லாம் ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போனேன். அம்பத்தஞ்சு வயசுல ஒரு கொயந்தைக்கு பயந்து பொய் சொல்ல வெச்சிட்ட, அத்த மறக்க மாட்டேன்.

நாற்காலி விசயமும் பேசினேன். யோசிக்கிறேன் மாமான்னா. அவ்ளோதான். உன்ன மாதிரியே கல்லுளிமங்கி.

காலைல முன் ரூம்ல ஜன்னலத் தொறந்து வெச்சி வாசிப்பா. எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போறவன்லாம் வண்டிய நிறுத்திட்டு நிப்பான். எம் மருமவதான் அதுன்னு நான் வாசல்ல நின்னு சொல்லிகினே இருப்பேன். நாலு நாள் கம்பெனிக்கு லேட்டு.

இப்ப சொல்றத கோவப்படாம படி. பஸ் ஸ்டாண்டாண்ட இட்லிக் கடை வெச்சிருந்துச்சே எல்லம்மா, அது போன புதங்கெயம தவறிடுச்சு. எம்பத்திமூணு வயசு, கல்யாணச் சாவு. நம்ம அம்மா செத்த வருசம் ஒனக்கும் எனக்கும் சோறு போட்டது அதுதான். அது பொண்ணு கனிமொழி நேரா ஊட்டுக்கு வந்து, கானா அண்ணே, எங்கம்மாவ நீதான் பாடி அனுப்பணும்னு எங்கால்ல உயுந்துட்டா. நிஷா பக்கத்துலயே நிக்கிறா. நான் எத்த ஒளிக்கிறது?

உங்கம்மாவுக்கு சத்தியம் பண்ணிருக்கேன், நீ வராதன்னு சொன்னேன். அவ பொட்டியத் தூக்கிகினு செருப்பு மாட்டிட்டா. அவங்கப்பா ஊர்ல கெயவனுங்க செத்தா பொணத்துக்குப் பக்கத்துலயே குந்திகினு வயலின் வாசிப்பாங்களாம். இதுல இன்னா கீதுன்னு கேட்டா. கூட்டிகினு போனேன்.

சாங்காலம் நாலு மணிக்கு எடுத்தாங்க. எல்லம்மா இட்லிய, அது திட்டுன திட்ட, கடன் சொல்லித் துண்ணவன் பேரையெல்லாம் சேத்துக் கட்டிப் பாடிகினு போனேன். டோலக்கு, டிரம்மு எல்லாம் நம்ம பசங்க. நிஷா ஓரமா நின்னு சும்மா கேட்டுகினு இருந்தா. மூணாவது அடில "தாயில்லாப் புள்ளைங்க ரெண்டு"ன்னு நம்ம கதைக்கு வந்தேன். முப்பத்தஞ்சு வருசமா பாடறேன், ஒரு சாவுலயும் நான் அயுததில்ல மதி. அன்னிக்கு அயுதுகினே நின்னுட்டேன். பசங்க என் மூஞ்சியப் பாக்குறாங்க, ஜனம் பாக்குது.

அந்த எடத்துல அவ எடுத்தா. நான் உட்ட அடியிலருந்தே எடுத்தா. தாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு தபாதான் கேட்டிருப்பா. டிரம்மு கூடவே நடந்துகினு, தெரு முனை வரிக்கும் ஒரு நொடி உடாம வாசிச்சா. மாடி வெச்ச ஊட்டு ஐ.டி. பசங்கலாம் கீய எறங்கி வந்துட்டாங்க. கெயவிங்க அவ வாசிப்புக்கே ஒப்பாரி வெச்சாங்க. எனக்கு ஒடம்பு அப்டியே சிலுத்துகிச்சு. நம்ம ரத்தம் அது.

ஒரு தப்புதான் பண்ணா. கெளம்பும்போது கனிமொழி கையப் புடிச்சிகினு, போயிட்டு வர்றேன்க்கான்னு சொல்லிட்டா. நீ மரியாத கத்துக்குடுத்த, சாவு ஊட்ல அப்டி சொல்லக் கூடாதுன்னு கத்துக்குடுக்கல. ஜனம் பூரா திரும்பிப் பாத்துச்சு. கனிமொழி அயுதுகினே சிரிச்சிட்டா.

ஊட்டுக்கு வந்ததும், யார் மாமா ஒங்களுக்கு இத்த கத்துக்குடுத்தான்னு கேட்டா. போட்டோவ எடுத்து மாட்டிட்டேன். அம்மா ஏன் சொல்லலைன்னு கேட்டா. அது எனக்குத் தெரியாது, உங்கம்மாவையே கேளுன்னுட்டேன்.

உன் அண்ணன்,
வெற்றி

*

கார்க்
3 ஜூலை 2025

அண்ணனுக்கு,

ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அதைக் கூட உன்னால காப்பாத்த முடியல.

நிஷா போன் பண்ணா. தாத்தா நிஜமாவே பாட்டுக்காரரான்னு கேட்டா. நான் வைச்சிட்டேன். மறுநாளும் கேட்டா. வார்டுல வேலையிருக்குன்னு பொய் சொன்னேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு, நானும் ஒரு குழந்தைக்குப் பயந்துதான் கிடக்கேன், போதுமா?

நீ பெருமைப்படுற. படு. அந்தக் கறுப்பு உடுப்புல அவ உக்காந்ததை நீ பார்க்கல. முதல் கச்சேரிக்கு நானும் பிரெண்டனும் போனோம். வாசிச்சு முடிச்சு அவங்க எழுந்து நின்னப்ப ஜனம் நாலு நிமிஷம் கை தட்டினாங்க. இனிமே எங்க குடும்பத்துல யாரும் யார் வாசல்லயும் தெருவுல நின்னு பாட வேண்டியதில்லைன்னு நினைச்சேன். அதுக்காகத்தான் நான் ஊரை விட்டே வந்தேன். அவளை நீ திரும்பத் தெருவுல நிறுத்திட்ட.

ஏன் சொல்லலைன்னு உனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்க. சொல்றேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை, பிரெண்டன்கிட்டயும் இல்லை.

நர்சிங் ரெண்டாம் வருஷம். கூடப் படிச்ச கமலத்தோட தாத்தா ஆவடியில செத்துட்டார். நாங்க பன்னிரண்டு பொண்ணுங்க வெள்ளைப் புடவையில மாலை வாங்கிட்டுப் போனோம். அங்க அப்பா பாடிட்டிருந்தார். வேர்த்து ஊத்துது, சட்டை பட்டன் திறந்து கிடக்கு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லு. பாட்டைப் பாதியில நிறுத்திட்டு, மைக்லயே, "வாம்மா கண்ணு"ன்னு கூப்பிட்டார். எல்லாரும் திரும்பினாங்க. யாருடி அதுன்னு கமலம் கேட்டா. தெரியாதுன்னு சொன்னேன்.

அவருக்குக் கேட்டுச்சு. மைக்கை இறக்கிட்டார். அப்புறம் வேற பாட்டு எடுத்தார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசினதில்லை. நானும் பேசல. அவர் செத்தப்ப எந்த முகத்தோட அந்த வாசலுக்கு வர்றது? நீ பாடுவ, ஜனம் நிக்கும், நான் யாருன்னு கேப்பாங்க.

இப்ப திட்டு. ஆனா அவளை நாற்காலிக்கு அனுப்பு.

மதி

*

மண்ணூர்பேட்டை
20 ஜூலை 2025

தங்கச்சி மதிக்கு,

நிஷா பன்னெண்டாம் தேதி ஏறிட்டா. இந்நேரம் அங்க வந்து சேந்திருப்பா. ஊடு வெறிச்சோன்னு கீது. பேபி இன்னும் மூணு பேருக்கே ஒலை வெக்கிறா.

உன் கடுதாசிய நாலு தபா படிச்சேன். திட்டறதுக்குதான் பேனாவ எடுத்தேன். ஒம்போது வருசம் சேத்து வெச்சிருந்தேன். வரல.

ஆவடி விசயம் எனக்குத் தெரியும். அன்னிக்கு டோலக்கு அடிச்சது யாருன்னு நெனைக்கிற? நைனாவுக்குப் பின்னாலதான் குந்திகினு இருந்தேன். நீ என்னப் பாக்கல. எனக்கு வந்த கோவத்துக்கு ஒன்ன அங்கியே அறைஞ்சிருப்பேன். திரும்பி வரும்போது டிரெய்ன்ல நைனாவ கேட்டேன், ஒம் பொண்ணு தெரியாதுன்னுட்டாளே, ஒனக்கு வலிக்கலியான்னு.

இன்னா சொன்னாரு தெரியுமா? "தப்பு என் மேலதான்டா. பாட்ட நடுவுல நிறுத்தினேன் பாரு, ஊர்ல எந்தப் பாட்டுக்காரனும் அத்த செய்ய மாட்டான். செத்தவனுக்குப் பாடும்போது பெத்த பொண்ணே வந்தாலும் நிறுத்தக் கூடாது." அவ்ளோதான். ஒன்னப் பத்தி ஒரு வார்த்த குத்தமா சொல்லல. அடுத்த வாரமே அந்தத் தாத்தா ஊட்டுக்குத் தனியாப் போயி, துட்டு வாங்காம, உட்ட பாட்ட முழுசாப் பாடிட்டு வந்தாரு.

அவருக்கு மனசுல உறுத்திகினு இருந்தது அந்தப் பாட்டுதான். நீ இல்ல. நீ நர்சு ஆனப்ப தெரு பூரா சாக்லேட் குடுத்தாரு. ஏரோப்ளேன் ஏறினப்ப ரெண்டு நாள் ஊர் பூரா ஒன்னப் பத்திதான் கானா கட்டிப் பாடுனாரு. நீதான் கேக்கல.

அத்த அப்பவே ஏன் சொல்லலைன்னு கேப்ப. கோவம்தான். நீ வரலன்ற வீம்புல நானே வெச்சிகினேன். அது என் தப்பு.

நிஷாவ தெருவுல நிறுத்திட்டன்னு எயுதியிருக்க. அதுக்கு மட்டும் மன்னிப்பு கேக்க மாட்டேன். நான் நின்னுட்டேன், அவ நிறுத்தல. அத்த எந்த நாற்காலில குந்துனா கத்துக்குவாங்க, நீயே சொல்லு. நாற்காலிக்குப் போறதும் போவாததும் அவ இஷ்டம், ஒன் இஷ்டம். என்ன நடுவுல இயுக்காத.

அண்ணன்,
வெற்றி

*

கார்க்
2 செப்டம்பர் 2025

என் அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு. எழுத உக்காந்தா கண்ணு மறைச்சுது. நைனா தனியாப் போய்ப் பாடிட்டு வந்தார்ங்கிற வரியை என்னால தாண்டவே முடியல.

பிரெண்டனுக்குப் படிச்சுச் சொன்னேன். இத்தனை வருஷம் என் மாமனாரை ஃபோர்மேன்னு நினைச்சேனே, எங்க ஊர்ல பாட்டுக்காரர் வீட்டு மாப்பிள்ளைன்னா காலரைத் தூக்கி விட்டுட்டுத் திரிவாங்களேன்னு அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு கோவம். ஒரு நாள் பூரா என்கூடப் பேசல. மூணு நாள் உன்கூடப் பேசாத அண்ணிக்குச் சரியான போட்டிதான்.

போன சனிக்கிழமை இங்க ஒரு பழைய சர்ச் ஹால்ல நிஷா கச்சேரி. ஒரு புல்லாங்குழல்காரர், ஒரு டிரம், இவ. அம்மா வரலைன்னாலும் பரவாயில்லைன்னு ஒரு டிக்கெட்டைச் சமையல்கட்டுல வச்சிட்டுப் போனா. போனேன். வார்டுல என்கூட இருபது வருஷம் வேலை பார்க்கிற மோரீனும் வந்தா. கடைசிப் பாட்டுக்கு முன்னாடி நிஷா மைக்ல சொன்னா, இது எங்க தாத்தா சின்னசாமியோட மெட்டு, அம்பத்தூர்ல இறந்தவங்களை வழியனுப்பப் பாடினவர்னு. சொல்லிட்டு என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்காகத்தான் பார்க்கலைன்னு புரிஞ்சுது.

அண்ணா, அது நைனா குரல்தான். அந்த இழுப்பு, அந்த வெடுக்குன்னு ஒரு நிறுத்தம், எல்லாம். நடுவுல அவங்கப்பா ஊர் மெட்டு ஒண்ணு வந்து கலக்குது, பதினாறு வருஷம் படிச்ச கிளாசிக்கலும் கீழ ஓடுது, எதுவும் எதையும் இடிக்கல. எழுதி வச்சதை வாசிக்கும்போது அவ நல்லா வாசிப்பா. இதை வாசிக்கும்போது அவளா இருந்தா. எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. அந்த நாலு நிமிஷக் கைதட்டலுக்குக் கூட இப்படி இருந்ததில்லை.

முடிஞ்சதும் மோரீன் கேட்டா, உங்கப்பா ஃபேக்டரியில இல்ல இருந்தார்னு சொன்னியேன்னு. இல்லை, அது நான் சொன்ன பொய், எங்கப்பா சாவு வீட்ல பாடுறவர், அந்த ஊர்லயே அவரை மாதிரி பாட ஆள் கிடையாதுன்னு சொன்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கொடுத்து வச்சவடின்னா. முப்பது வருஷமா பயந்த ஒரு வார்த்தை, சொல்ல அரை நிமிஷம்தான் ஆச்சு.

மறுநாள் ஞாயிறு, ஆகஸ்ட் 31. நிஷா லேப்டாப்பைத் திறந்து என் முன்னால வச்சா. ஆர்கெஸ்ட்ராவுக்கு லெட்டர் டைப் பண்ணி வச்சிருந்தா, திரும்ப வர்றேன்னு. "அம்மா, நீ அனுப்புன்னா அனுப்புறேன்"னா. அவ என்னை எதுவும் கேட்டதே கிடையாது. எனக்காக அந்த நாற்காலிக்குத் திரும்பவும் தயாரா உக்காந்திருந்தா.

அனுப்பாதன்னு சொன்னேன். சொல்லிட்டு ஆவடி கதையையும் சொன்னேன். முழுசா. அவ லேப்டாப்பை மூடிட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தா.

டிசம்பர் பதினெட்டாம் தேதி மூணு பேரும் வர்றோம். ஏர்போர்ட்டுக்கு நீ வராத, பேபி அண்ணியையும் அலைய விடாத. அம்பத்தூர் வரைக்கும் வண்டியில வந்து, பஸ் ஸ்டாண்டுலயே இறங்கிக்கிறேன். அங்கிருந்து நம்ம தெரு வழியா நடந்து வர்றேன். இத்தனை வருஷத்துல முகம் மாறியிருக்கும், யார் வீட்டுப் பொண்ணுன்னு யாராவது கேப்பாங்க. கேக்கட்டும். நானே சொல்லிக்கிறேன்.

உன் தங்கச்சி,
மதி