வெந்நீரில் வைத்த கை

என்னங்க,

சௌக்கியமா? இருமல் நின்றதா? நின்றுவிட்டது என்று பொய் சொன்னால் போனில் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நான் நர்ஸாக இருக்கும் வார்டில், பெருங்குடல் புற்றுநோய் முற்றியவர்களுக்குக் கீமோவோடு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். இந்தக் கீமோ ஏறியவர்களுக்குக் குளிர்ச்சி பட்டாலே விரலில் முள் குத்துமாம். அதனால் வெந்நீரில் கையை வைத்துவிட்டுத்தான் அவர்களைத் தொடுவேன்.

நேற்று ஒரு பஸ் டிரைவருக்கு ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. “யாருக்குப் போன் போட்டுச் சொல்லணும்?” என்று கேட்டேன்.

“எனக்கு யாரும்மா இருக்கா? உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, சந்தோஷப்படுவாரு” என்றார்.

சொல்லிவிட்டேன். மறக்காமல் சந்தோஷப்பட்டுவிடுங்கள்.

உங்கள் தையல் மெஷினில் கம்பளித் துணியில் இரண்டு ஜோடி கையுறை தைத்து அனுப்புங்கள். ஒன்று டிரைவருக்கு, பெரிய கை. இன்னொன்று எனக்கு. எனக்கு மருந்து எதுவும் ஏறவில்லைதான். ஆனாலும் வேலை முடிந்து அறைக்கு வந்தால் விரலெல்லாம் சில்லிட்டுப் போகிறது.

பஸ் வந்துவிட்டது. என் அளவு கேட்டு எழுதாதீர்கள். என் கை உங்களுக்குத் தெரியும்தானே?

உங்களவள்