சிலுவை முத்திக்கு முந்திய பசி

அண்ணா,

இன்று காலை உன் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜை எடுத்துப்போக ஆட்கள் வந்தார்கள். உள்ளே இருந்ததை எல்லாம் ஒழித்துக்கொண்டிருந்த அண்ணி, முட்டை வைக்கும் குழியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து என் கையில் வைத்தார். "நீயே எங்கயாச்சும் போட்டுடுப்பா. என்னால முடியல." ரப்பர் மூடி. 'ஆய்வுக்கு மட்டும்' என்று ஒட்டிய சீட்டு. தயாரித்தவன் பெயர் எங்கும் இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

புற்றுநோய் வந்த பிறகு, வலியைவிடப் பசிக்காததுதான் உனக்குப் பெரிய குறையாக இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தால் மூன்று களி உருண்டைகளை அவரைக்கொட்டைக் குழம்பில் புரட்டி விழுங்குகிறவன், ஒரு கரண்டிக் கஞ்சியைக் கண்டு முகத்தைத் திருப்பினாய். பெங்களூரு டாக்டர் சத்துமாவு எழுதித் தந்தார். பசியை எழுதித் தர அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அண்ணியின் தம்பி வந்தான், ஜூஜுவாடியில் ஜிம் நடத்துகிறவன். உடம்பேற்ற வரும் பையன்களுக்கு அவன் திருட்டுத்தனமாக விற்கும் சரக்கு இந்தச் செயற்கைப் பெப்டைடு. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும். கூடவே அகோரப் பசியையும் கிளப்பும். "ஊசி போட்டுட்டுப் பாருங்க மாமா, அக்காவுக்குச் சமைச்சு மாளாது" என்றான்.

மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிற நான் கத்தினேன். குப்பிக்குள் இருப்பது என்னவென்றே தெரியாது. சீட்டில் சொன்னதுதான் உள்ளே இருக்கிறது என்றாலும், அது கட்டியையும் சேர்த்து வளர்க்கலாம். நீ படுத்தபடியே சொன்னாய்: "அது வளர்றது வளரட்டும்டா. எனக்கு ஒரு வாட்டி பசிக்கணும்."

முதல் சில ஊசிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பெரிய வெள்ளியன்று நடுப்பகலில் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாய். "டேய், பசிக்குதுடா!" ஏதோ வென்றுவிட்டவன் போல முகமெல்லாம் சிரிப்பு. அண்ணி அடுப்பங்கரைக்கு ஓடினார். களி ஆவி பறக்க வந்தது. அதைக் கண் நிறையப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாய்.

"சாயங்காலம் சிலுவை முத்தி பண்ணிட்டுச் சாப்புடறேன்."

அப்பா காலத்திலிருந்து நம் வீட்டில் அன்றைக்கு ஒருசந்தி. மாலையில் கோயிலுக்குப் போய்ச் சிலுவையின் பாதத்தில் முத்தமிட்டு முத்தி செய்யும்வரை வாயில் எதுவும் படாது. "நோயாளிக்கு ஒருசந்தி கெடையாதுன்னு சாமியாரே சொல்லியிருக்காருங்க" என்று அண்ணி கெஞ்சினார்.

"இத்தன நாளு பசிக்கல, சாப்புடல. அதெல்லாம் ஒருசந்தியா? இன்னிக்குத்தான் விட்டுக்குடுக்க எங்கிட்ட ஏதோ இருக்கு."

"ஊசி வேகம் எறங்கிடும் மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டான் அண்ணியின் தம்பி. அவனோடு நான் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

ஆட்டோவில் கூட்டிப்போனோம். முத்தி செய்தாய். திரும்பிவந்து தட்டின் முன் உட்கார்ந்தபோது பசி போயிருந்தது. ஒரு வாய் உருட்டி வெகுநேரம் விரல்களிலேயே வைத்திருந்தாய். மறுநாள் ஊசி போட்டும் பசி வரவில்லை. பிறகும் வரவில்லை. தோப்புகளில் மாங்காய் பழுக்குமுன் நீ போய்விட்டாய்.

ஜிம்காரனோடு நான் இன்றும் பேசுவதில்லை. அந்த டாக்டரை மன்னிக்கவில்லை. கோயில் படி ஏறுவதில்லை. உன் மேலும் கோபம்தான், அண்ணா. அத்தனை பாடுபட்டு வரவழைத்த ஒரே பசியை, கேட்காத ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய்.

ஆண்டுதோறும் அந்த வெள்ளியன்று நடுப்பகலில் வீம்புக்கென்றே சாப்பிட உட்காருகிறேன். களியின் ஆவி முகத்தில் பட்டதும் "டேய், பசிக்குதுடா" என்று நீ சிரிக்கிறாய். தட்டை மூடிவைத்துவிடுகிறேன். மாலையில் ஆறிப்போன களியை எடுக்கும்போது எனக்கு நன்றாகப் பசிக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.