கண்ணாடி மணி என்றீர்களே

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கொழுந்தனின் மனைவி எழுதுவது. நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பார்கள். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், கேட்பானேன்? போன் செய்தால் மணிகூட அடிப்பதில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். கடிதத்தைத் தடுக்க வழியில்லை என்பதால் உங்கள் மகன் வீட்டு முகவரிக்கு இதை எழுதுகிறேன்.

எதிர் வீட்டுத் தையற்காரியின் மகள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். நீங்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த அதே பொடிசுதான். கையில் ஊசி குத்த இடமில்லாமல் காலில் ஏற்றுகிறார்கள். வாந்தியில் ரத்தம் வருவது நின்றிருக்கிறது. சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டால் டாக்டர் இன்னும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். இது உங்கள் காதுக்கு வந்ததா, அதையும் தடுத்து வைத்திருக்கிறீர்களா, தெரியவில்லை.

குன்றிமணிக் கொடியை நான்தான் ஓடைக்கரையிலிருந்து அறுத்துக்கொண்டு வந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. இலைக்காக அறுத்தேன். கிளிசரின் தண்ணீரில் நிறுத்தினால் அந்த இலை நொறுங்காமல் பட்டுப்போல் இருக்கும். காய்களைக் கிள்ளித் தனியாகப் போட்டிருந்தேன். அதை எடுத்து, நாம் விற்கிற உலர்பூ அலங்காரத்துக்கான பிரம்பு வளையத்தில் ஒட்டியது நீங்கள். அன்றைக்கே சொன்னேன்: "அக்கா, அது விஷம். காயக் காய விதை உதிரும். பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு ஆகாது." நீங்கள் பசையைக்கூடக் கீழே வைக்காமல் பதில் சொன்னீர்கள்: "சுவத்துல தொங்குறத யாரு எடுத்துத் திங்கப் போறா? உனக்கு எதுலயும் ஒரு நொட்டைதான்." நீங்கள் மூத்தவர், வாய் சாமர்த்தியம் உள்ளவர். நான் நாணல் கட்டுகளுக்கு ஸ்பிரே அடிக்கப் போய்விட்டேன்.

தையற்காரியின் புதுவீட்டுக்கு அந்த வளையத்தை நீங்களே கொண்டுபோய் மாட்டினீர்கள். விதை உதிர்ந்தது, பொடிசு பொறுக்கி மென்றது. அதுவரைக்கும் கெட்ட நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் பயந்துபோய் அப்போதே உங்களுக்கு போன் செய்தாளே அக்கா! பாதி விதையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்னக்கா, டாக்டர்கிட்ட காட்டணுமா?" என்று கேட்டாளே! நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அட, கண்ணாடி மணிடி. தானா வெளிய வந்துடும்." ஹோட்டல் வரவேற்பறைக்குப் பெரிய அலங்காரம் ஒன்றை நம்மிடம் கேட்டிருந்தார்கள். விஷம் என்ற பேச்சு வெளியே போனால் அது கைநழுவிவிடும். உங்கள் கணக்கு எனக்கு விளங்காமல் இல்லை.

அந்த விஷம் உடனே காட்டிக்கொடுக்காது. அன்றைக்குப் பொடிசு விளையாடியிருக்கிறது, தூங்கியிருக்கிறது. மறுநாள்தான் வயிறு கலங்கியது. டாக்டர்கள் எதை நினைத்து மருந்து கொடுப்பார்கள்? நாணல் வெட்டப் போயிருந்த நான் திரும்பி வந்து, விஷயம் கேட்டு, ஒரு காயைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "இத முன்னாடியே சொல்லியிருந்தா வயித்தக் கழுவியிருப்போமே."

நீங்கள் அதற்குள் தையற்காரிக்கு வேறு கதை சொல்லி முடித்திருந்தீர்கள். "அவதான் கட்டினா, கண்ணாடி மணின்னு அவதான் எங்கிட்ட சொன்னா." அடுத்த வண்டியைப் பிடித்து மருமகளுக்கு ஒத்தாசை என்று கிளம்பிவிட்டீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தையற்காரியின் புருஷன் நம் வீட்டு மாடிக்கு வந்தார். இருட்டறையில் காய்வதற்காகத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்த அத்தனை கட்டுகளையும் அறுத்துத் தள்ளி மிதித்தார். பஞ்சுப் புல், எருக்கங்காய், தாமரைக்காய், ஒரு பருவம் முழுக்கச் சேர்த்தது எல்லாம் தூளாகிப் போனது. நான் தடுக்கவில்லை. அந்த மனிதர் எதையாவது மிதிக்க வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அண்ணி பொய் சொல்ல மாட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

என் பெயரைத் துடைத்துக் கொடுங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கைவினைக் கண்காட்சியில் அதே மாதிரி வளையங்களை நீங்கள் விற்றீர்கள். வாங்கியவர்களின் விவரம் உங்கள் போனில்தான் இருக்கிறது. எந்தெந்த வீட்டுச் சுவரில் அது தொங்குகிறது என்று சொல்லுங்கள். என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பாவம், அவர் தானே காப்பி போட்டுக் குடித்துக்கொண்டு இங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
அந்த வீட்டுக்கு வாழ வந்த இன்னொருத்தி.



அக்கா அவர்களுக்கு,

போன கடிதத்தை உங்களுக்கு முன்னால் உங்கள் மகன் பிரித்துப் படித்துவிட்டான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. போன வாரம் எனக்கு போன் செய்தான். "சித்தி, குன்றிமணின்னா செவப்பா, ஒரு பக்கம் கறுப்பா இருக்குமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். உடனே அவன் ஓடிப்போய் எதையோ கழற்றும் சத்தம் கேட்டது.

அந்த வளையத்தில் ஒன்றைத் தொட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தீர்களாம்! சொந்தப் பேரன் தொட்டிலுக்கு மேலே! ஹோட்டல்காரருக்காகத்தான் பொய் சொன்னீர்கள் என்று நினைத்திருந்தேன். விஷம் என்று நான் சொன்னதை நீங்கள் கடைசிவரை நம்பவே இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது. பொடிசு ரத்தமாக வாந்தி எடுத்த பிறகும் நம்பவில்லை. சின்னவள் சொல்லி நான் கேட்பதா என்ற ஒன்றே உங்களுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

மெத்தைக்கும் தொட்டில் கட்டைக்கும் நடுவில் ஒரு விதை கிடந்ததாம். குழந்தை இன்னும் குப்புற விழவில்லையாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இதைச் சொல்லிவிட்டு அவன் அழுதான். உங்கள்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை.

உங்கள் போனைப் பிடுங்கி அவன்தான் விவரம் அனுப்பினான். நான் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர், அழகாக இருக்கிறதே என்று தர மாட்டேன் என்றார். காரணத்தைச் சொன்னதும் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். இன்னொரு வீட்டில் ஒரு தாய், "விஷத்தையா வித்தீங்க?" என்று வளையத்தை என் முகத்திலேயே எறிந்து கதவைச் சாத்தினாள். அந்த அடியும் உங்களுக்கு வர வேண்டியதுதான். எல்லாவற்றையும் எரித்துவிட்டேன்.

பொடிசு வீட்டுக்கு வந்துவிட்டது. தையற்காரி என்னோடு பேசுவதில்லை, ஆனால் நேற்று ஜன்னலைச் சாத்தாமல் நின்றாள். இப்போதைக்கு அது போதும்.

ஒரே ஒரு வளையம்தான் பாக்கி. அதை வாங்கியவளின் எண் வேலை செய்யவில்லை. கண்காட்சியின் கடைசி நாளில் வந்தாளே, நிறைமாதக்காரி, குனிய முடியாமல் நாற்காலி கேட்டு உட்கார்ந்தவள். நீங்கள்தான் அவளோடு நெடுநேரம் பேசினீர்கள். பிறக்கப்போகும் பிள்ளையின் அறைக்கு என்று கேட்டு வாங்கினாள். வளையத்தைக் கார்வரை சுமந்துகொண்டு போனதும் நீங்கள்தான்.

பேர் நினைவில்லாவிட்டால் போகட்டும். எந்தப் பக்கம் வீடு என்று சொன்னாள்? புருஷன் என்ன வேலை? எந்த ஆஸ்பத்திரியில் காட்டுவதாகச் சொன்னாள்? எது நினைவுக்கு வந்தாலும் சொல்லுங்கள், நான் தேடிப் போகிறேன். என்னைத் திட்டிக்கொண்டே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பேரன் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். அவளுக்கும் இந்நேரம் பிள்ளை பிறந்திருக்கும் அக்கா. அது தவழத் தொடங்குவதற்குள் நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருப்பவள்.