மைக் அணைந்திருந்த ஒன்பது நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே முதியோர் இல்லத்தில் நான் நலம், தினமும் காலையில் நர்ஸ் என் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்து அப்படித்தான் குறித்துக்கொண்டு போகிறார், அதனால் எனக்கும் சந்தேகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நீ போன தடவை அனுப்பிய படத்தில் மாப்பிள்ளை முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே மாட்டியிருந்தார், மூக்கும் முகத்தில்தான் இருக்கிறது என்று பக்குவமாகச் சொல்லி வை.

போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்குத் தொற்றுக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனாலும் மாடி அறையில் தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள், நான் படியேறக் கூடாதாம். சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள், பதினொரு நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, நான் போன் செய்தாலும் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. உன் அம்மாவுக்குப் பேசாமல் இருக்கத் தெரியும் என்பதே நாற்பத்தாறு வருஷமாக எனக்குத் தெரியாது. பயந்துபோனேன் கண்ணு. இந்த நேரம் பார்த்து முதியவர்களைக் கலையால் உற்சாகப்படுத்தச் சொல்லி எங்கள் இல்லத்து மேலாளருக்கு மேலிடத்து உத்தரவு. முதலில் ஓவியம். கதவுக்கு அடியில் ஆளுக்கொரு தாள் வந்தது, தலைப்பு மகிழ்ச்சி. பக்கத்து அறையில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு பூட்டிய கதவை வரைந்து கொடுத்தார், மேலாளர் அதன் மேல் ஒரு சூரியனைச் சேர்த்துப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்தது பாட்டு. அறைக்கொரு டேப்லெட், காலை பத்து மணிக்கு அவரவர் கட்டிலில் உட்கார்ந்து சேர்ந்து பாட வேண்டும், குழுத் தலைவர் உன் அப்பா. சிரிக்காதே, மாடியில் அம்மா அறை டேப்லெட்டிலும் கேட்குமே என்று நானே வலியப் போய்க் கேட்டு வாங்கிய பதவி. ஒன்பது நாள் தொண்டை கட்டக் கட்டப் பாடினேன், திரையில் எல்லாரும் தலையாட்டினார்கள், மேலாளர் பிரமாதம் என்றார், எனக்குத் தலைகால் புரியவில்லை. நேற்றுதான் தெரிந்தது, சத்தம் குழம்புகிறதென்று முதல் நாளே எல்லார் மைக்கையும் அணைத்துவிட்டு, பதிவு செய்த பாட்டை ஓட விட்டிருக்கிறார் மனுஷன். பல் போன இத்தனை வாய்களில் இவ்வளவு சுத்தமான உச்சரிப்பு எங்கிருந்து வந்தது என்று நானாவது யோசித்திருக்க வேண்டும்.

நேற்று மேலிடத்து அதிகாரி திரையில் பார்வையிட வந்தார், பதற்றத்தில் மேலாளர் எதையோ மாற்றி அழுத்த, பதிவு நின்று என் மைக் திறந்துகொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு உச்சத்தில் இருந்தேன். தபால்காரர் சுவரைத் தட்டினார், பாராட்டு என்று நினைத்து இன்னொரு வரி பாடினேன். கண்ணைத் திறந்தால் அதிகாரியைக் காணோம். சற்று நேரத்தில் மாடி நர்ஸ் ஓடி வந்து கதவுக்கு வெளியே நின்று சொன்னார். அம்மா எழுந்து உட்கார்ந்து, "அந்த மனுஷனை நிறுத்தச் சொல்லுங்க, காது வலிக்குது" என்றாளாம். அதோடு விடவில்லை, தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டபடியே என்னைத் திட்டினாளாம்.

பதவி போய்விட்டது, அது கிடக்கட்டும். நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து என் பாட்டைப் பற்றிக் கேள். திட்ட ஆரம்பித்தால் எனக்குப் பரிந்து பேசி நிறுத்திவிடாதே, முழுசாகத் திட்டி முடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா