முன் சக்கரத்துக் குண்டுகள்

மேற்குத் தாம்பரம்
9.1.2006

என் செல்ல மகள் ஜோவிதாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் அப்பாவும் நானும் நலம், அங்கே கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், போன் அப்பா கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அவர் காதில் விழாமல் எதையும் சொல்ல முடியாது, அதனால் ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெள்ளம் வந்த அன்று நடந்ததை உனக்குப் பாதிதான் சொன்னேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா தனியாக எழுந்து வாசலுக்கு வந்து விழுந்துவிடுகிறார் என்று நான் ஸ்கூலுக்கு வரும்போது வெளியே பூட்டிவிட்டுத்தான் வருவேன், உனக்கும் தெரியும். அன்றைக்கும் பூட்டியிருந்தேன். முடிச்சூருக்குள் தண்ணீர் வந்தபின் என்னால் வீடு போய்ச் சேர முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தனசேகர்தான் இடுப்பளவு தண்ணீரில் போய்ப் பூட்டை உடைத்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மாடியில் வைத்திருந்தார். “சார் ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினே இருந்தாரு டீச்சர், கைய எடுக்கவே வுடல” என்று அவர் சொன்னதை உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவருக்கு வருகிற வார்த்தைகளே கொஞ்சம்தானே.

தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவினோம், மெத்தையைத் தூக்கி எறிந்தோம், என் சைக்கிள் மட்டும் சேற்றோடு அப்படியே நின்றது. ஸ்கூல் திறக்கப் போகிறதே என்று எடுத்துப் பார்த்தால் முன் சக்கரம் கரகரவென்று அரைக்கிறது, தள்ளிவிட்டால் பாதிச் சுற்றில் நின்றுவிடுகிறது. சம்பத்தின் சைக்கிள் கடை வெள்ளத்துக்கு அப்புறம் திறக்கவேயில்லை. சைக்கிள் இருந்தால்தான் மதியம் ஓடிப்போய் அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்ப முடியும், நம் தெருப்பக்கம் ஷேர் ஆட்டோ இன்னும் வருவதில்லை. ஆகையால் சனிக்கிழமை ஹாலில் பேப்பர் விரித்து நானே சக்கரத்தைக் கழற்றினேன், முன்பெல்லாம் அப்பா செய்வதைப் பார்த்த தைரியம்தான். அச்சை உருவினால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் கிரீஸ் இருந்த இடமெல்லாம் சேறு. உள்ளே சக்கரம் உருள்வதற்காக இருக்கும் சின்ன இரும்புக் குண்டுகளை ஒரு மூடியில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுக் கஞ்சியைப் பார்க்கப் போனேன். வந்து புது கிரீஸ் தடவிக் குண்டுகளை அடுக்கினால் ஒரு பக்கம் நிறைந்தது, மறுபக்கம் பாதி காலி. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு அடியில் எல்லாம் துடைப்பத்தால் கூட்டிப் பார்த்தேன், இல்லை. அழுகை வந்துவிட்டது ஜோவி. இந்த வீட்டை விட்டு வெளியே வந்து நான் மூச்சு விடுவது இந்த ஸ்கூல் நேரத்தில் மட்டும்தான், அதுவும் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன்.

கஞ்சி ஊட்டுமுன் அப்பாவின் இடது கையைத் துடைக்கப் போனால் இறுக மூடியிருந்தது, மண்ணெண்ணெய் வாடை அடித்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தேன், விடவில்லை. வேலைக்குப் போகாமல் எப்படி, என்னையும் கட்டிலோடு கட்டிப்போடப் பார்க்கிறீர்களா என்று கத்திவிட்டேன். அவர் வாயைக் கோணிக் கோணி ரொம்ப நேரம் முயற்சி செய்தார். கடைசியில், “பூட்டாத” என்றார். போக வேண்டாம் என்று அவர் சொல்லவேயில்லை, பார். பூட்டமாட்டேன் என்றேன். கையைத் திறந்தார், உள்ளங்கை முழுக்கக் குண்டுகள் பதிந்த குழி. மிச்சத்தையும் அடுக்கி, குண்டுகளை அமுக்கிப் பிடிக்கும் கோன் திருகை முடுக்கினேன், முதலில் அதிகமாக இறுகிச் சக்கரம் அசையவில்லை, அவர் இல்லையென்று தலையை ஆட்டினார், கொஞ்சம் தளர்த்தியதும் சுழன்றது.

இன்றைக்குப் பூட்டாமல் கதவைச் சாத்திவிட்டு மட்டும் வந்திருக்கிறேன், தனசேகர் மனைவி துர்காவிடம் எட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சைக்கிள் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஆனால் வழியெல்லாம் அவர் எழுந்து வாசலுக்கு வருவது மாதிரியே இருந்தது. வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாட்டை எங்கே நிறுத்தினார்கள் என்றுகூடத் தெரியவில்லை. முன்பு பூட்டிவிட்டு வந்தால் இங்கே நிம்மதியாக ஒரு டீ குடிப்பேன், இன்று அது மேசையிலேயே ஆறிக் கிடக்கிறது. வேலையை விட்டுவிடுங்கள் என்று நீ சொல்வாய், அதை மட்டும் சொல்லாதே.

மதிய மணி அடிக்கப் போகிறது, கிளம்புகிறேன். வெளியே போனால் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் இருவரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் கொடுக்கச் சொல், அவர் ஒரு வார்த்தை சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானாலும் போனை வைத்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
யூனிஸ் வேதசிரோமணி